நான் சொல்லாமல் விட்ட வாக்கியம்

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. ஐந்து முப்பதுக்கு எழுந்தேன். வெளியே இரண்டு பாகை. தேநீர் போட்டேன். மனைவியின் மதியச் சாப்பாட்டைப் பெட்டியில் அடைத்துக் கொடுத்து, ஆறு இருபதுக்கு அவளை வேலைக்கு அனுப்பினேன். அவள் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளர். காலை ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். பிறகு பச்சைக் குப்பைத் தொட்டியை வீதியோரம் கொண்டுபோய் வைத்தேன். சட்டையை அழுத்தினேன். பையில் இரண்டு நீலப் பேனா, பக்கம் கிழிக்காத புதிய குறிப்புக் கொப்பி, ஒரு போத்தல் தண்ணீர். எட்டே முக்காலுக்கு, எங்கள் வீடிருக்கும் மில்லிக்கனிலிருந்து காரை எடுத்தேன். பத்து மணி வேலைக்கு ஒன்பதரைக்கே வாசலில் நின்றேன்.

நாட்குறிப்பில் இவ்வளவும் இருக்கிறது. இருபத்தேழு வருடங்களாக ஒரு நாளும் விடாமல் எழுதி வருகிறேன். அன்றைய பக்கத்தில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் உரைபெயர்ப்பாளன். தமிழில் ஒருவர் சொல்வதை அதே இடத்தில் ஆங்கிலத்திலும், ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழிலும் வாயால் சொல்வது என் தொழில். மருத்துவமனை, தீர்ப்பாயம், பாடசாலைக் கூட்டம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவேன். பத்தொன்பது வருடங்கள். ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் கையை உயர்த்தி உறுதி சொல்வோம்: கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன், மாற்றமாட்டேன். பேசுபவராகவே பேச வேண்டும் என்பதும் விதி. ஒரு பெண் ‘எனக்குத் தலை சுற்றியது’ என்றால், நானும் ஆங்கிலத்தில் ‘எனக்குத் தலை சுற்றியது’ என்றுதான் சொல்ல வேண்டும். இந்த வேலையில் நான் பிள்ளை பெற்றிருக்கிறேன், விதவையாகியிருக்கிறேன், கடல் வழியாகவும் வந்திருக்கிறேன்.

அன்றைய வேலை ஒரு விசாரணை. ஸ்காபரோவில் பாணும் கேக்கும் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பொதி கட்டும் பெண் ஒருவர், நாற்பது வயதுக்கு மேல், ஊரில் எங்கள் பக்கத்து ஆள். ஆறு வருடம் ஒரே வரிசையில் நின்று வேலை செய்தவர். செப்டம்பரில் ஒரு நாள் பைகள் சிக்கி இயந்திரம் நின்றுவிட்டது. மேற்பார்வையாளர் ஓடி வந்து, அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிக் கத்தினார். கத்தியபோது அவரை ஒரு சொல்லால் அழைத்தார். அந்தச் சொல் அந்தப் பெண்ணுக்குப் புதிது. பக்கத்தில் நின்ற கயானாக்காரப் பெண்ணிடம் அர்த்தம் கேட்டார். அவர் வாயால் சொல்லாமல், தன் உடம்பில் இடுப்புக்குக் கீழே தொட்டுக் காட்டினார். இவர் கையுறையையும் தலைமயிர் வலையையும் கழற்றி, மறுபடி ஓடத் தொடங்கியிருந்த பொதிப்பட்டியில் வைத்துவிட்டு வெளியே நடந்து போனார். அனுமதியின்றி வேலையை விட்டுப் போனதாகச் சொல்லி நிறுவனம் கடிதம் அனுப்பியது. வேலை போயிற்று. அதோடு கணவருடைய மருந்துக்கான காப்புறுதியும் போயிற்று.

அவர் முறையிட்டார். நிறுவனம் வெளியிலிருந்து ஒரு விசாரணையாளரை அமர்த்தியது. அந்தப் பெண் நடந்து போனதற்கு நியாயம் இருந்ததா என்பதுதான் கேள்வி. இருந்தது என்றால் வேலை திரும்பக் கிடைக்கும். இல்லையென்றால் அந்தக் கடிதம்தான் முடிவு.

விசாரணை அறைக்கு வெளியே, நடைபாதையில், அந்தப் பெண் என்னைக் கண்டவுடன் எழுந்து நின்றார்.

“அண்ணை, நீங்களோ எனக்குத் தமிழ் சொல்லப் போறது?”

“ஓம். உள்ளுக்குப் போனாப் பிறகு நீங்கள் சொல்லுறதெல்லாத்தையும் சொல்லுவன்.”

“அப்பாடா. ஆரும் வெள்ளைக்காரப் பிள்ளையை விட்டிடுவினமோ எண்டு பயந்தனான். நீங்கள் ஊரிலை எவடம் அண்ணை?”

அமர்வுக்கு முன் சம்பந்தப்பட்டவரோடு கதைக்கக் கூடாது என்பதும் விதி. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆனால் ‘அண்ணை’ என்ற சொல் என்னோடு அறைக்குள் வந்துவிட்டது. அதை வாசலிலேயே விட்டிருக்க வேண்டும்.

இரு தரப்பும் சம்மதித்திருந்ததால் எல்லாரும் ஒரே மேசையில் இருந்தோம். விசாரணையாளர் அறுபது வயதை நெருங்கும் பெண், இங்கிலாந்தின் வட பகுதியில் வளர்ந்தவர். மேற்பார்வையாளர் ஆஸ்திரேலியர், ஐந்து வருடங்களுக்கு முன் இங்கே வந்தவர். பெரிய உருவம், வெடித்த விரல் நுனிகள். அவரைப் பார்க்க எனக்குக் கெட்ட மனிதராகத் தெரியவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

முதலில் அவர் பேசினார். சொல்லை மறுக்கவில்லை. தன் நாட்டில் அது ஆண்கள் ஆண்களுக்குச் சொல்வது என்றார். தம்பியை அப்படி அழைப்பாராம். உயிர் நண்பனின் கலியாணத்தில் எழுந்து நின்று, நூற்றைம்பது பேருக்கு முன்னால், மாப்பிள்ளையை அப்படி அழைத்தாராம். மாப்பிள்ளை அழுதாராம், சந்தோசத்தில். அதில் பெண்ணே இல்லை, அது வெறும் சத்தம், சுத்தியல் விரலில் விழுந்தால் வருகிற சத்தம் என்றார். இங்கே அது இவ்வளவு பாரமான சொல் என்று தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருக்கமாட்டேன் என்றார்.

இதையெல்லாம் நான் அந்தப் பெண்ணுக்குத் தமிழில் சொன்னேன். அந்தச் சொல் வந்த இடங்களில் எல்லாம் ‘அந்தச் சொல்’ என்றேன். அப்போதே பிழை தொடங்கிவிட்டது. அவர் அவ்வளவையும் கேட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல், நேரே அந்த மனிதரைப் பார்த்துச் சொன்னார்:

“அப்ப அவற்ரை அம்மாவையும் உப்பிடித்தான் கூப்பிடுறவரோ எண்டு கேளுங்கோ.”

இதை முழுதாகச் சொன்னேன். மேற்பார்வையாளர் சிவந்துபோனார். “இல்லை” என்றார். பிறகு, “ஆனால் அம்மாவுக்கு முன்னால் நான் எந்தக் கெட்ட சொல்லும் பேசுவதில்லை. அதனால் எல்லாக் கெட்ட சொல்லும் பெண்ணைப் பற்றியது என்று ஆகிவிடாதே” என்றார். அதுவும் ஒரு நியாயம்தான். விசாரணையாளர் இரண்டையும் எழுதிக்கொண்டார்.

தான் வளர்ந்த ஊரிலும் ஆண்கள் வீதிக்குக் குறுக்கே அந்தச் சொல்லை எறிந்துகொள்வார்கள் என்று விசாரணையாளர் சொன்னார். முப்பது வயதில் ரொறன்ரோவுக்கு வந்து, அலுவலகம் ஒன்றில் அதைப் பகிடியாகச் சொல்லி, அறை முழுதும் உறைந்துபோனதையும் சொன்னார். “ஆகவே இவர் சொல்வது எனக்கு விளங்குகிறது. ஆனால் நான் பார்க்க வேண்டியது சொன்னவர் என்ன நினைத்தார் என்பதை மட்டுமல்ல. கேட்டவர் எதைக் கேட்டார் என்பதையும்தான்.” பிறகு அந்தப் பெண்ணிடம் கேட்டார்: “அந்தச் சொல் உங்களை என்னவென்று சொல்வதாக நீங்கள் விளங்கிக்கொண்டீர்கள்?”

நான் கேள்வியைத் தமிழில் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

“அண்ணை, உதை எப்பிடி உங்களுக்கு முன்னால சொல்லுறது?”

இதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். “நேரம் எடுங்கள்” என்றார் விசாரணையாளர். சுவரில் இருந்த கடிகாரத்தில் பத்து நாற்பத்திரண்டு. அந்தப் பெண் மேசையைப் பார்த்தார். பிறகு எங்கள் தமிழில் அதற்குள்ள சொல்லை, சந்தியில் நிற்கும் ஆண்கள் சொல்கிற அதே சொல்லை, ஒரு மூச்சில் சொன்னார். சொல்லிவிட்டு நிறுத்தவில்லை.

“அவர் என்னை அதாலைதான் கூப்பிட்டவர். நான் ஒரு ஆள் இல்லை, அது மட்டும்தான் எண்ட மாதிரி. ஆறு வருசம் அவருக்கு முன்னால நிண்டனான், அண்ணை. அவருக்கு என்ரை பேர் தெரியும்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேசுபவராகப் பேச வேண்டும். ‘அவர் என்னை’ என்று தொடங்கி, அந்தச் சொல்லை, அவர் சொன்ன பலத்தோடு, என் வாயால் சொல்ல வேண்டும். எனக்கு வயது ஐம்பத்தைந்து. என்னை அண்ணை என்று அழைத்த ஒருவர் பக்கத்தில் காது சிவந்து இருக்கிறார். நான் சொன்னேன்: “அது மிகவும் கெட்ட சொல் என்று அவர் விளங்கிக்கொண்டார். பெண்களிடம் சொல்லக்கூடாத சொல்.”

விசாரணையாளரின் பேனா ஒரு வரியில் நின்றது. “ஒரு பொதுவான கெட்ட சொல்?” என்று கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டேன். அந்தப் பெண் களைத்துப்போயிருந்தார். தான் சொன்னதெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். “ஓம், கெட்ட சொல்தான்” என்றார். அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

பதினொன்றரைக்கு முடிந்தது. சொன்னதில் திருத்தம் ஏதும் இருந்தால் நாளைக் காலை பத்து மணிக்கு முன் தன்னிடம் சொல்லலாம், அதன் பிறகு அறிக்கையை எழுதத் தொடங்கிவிடுவேன் என்று விசாரணையாளர் எல்லாரிடமும் சொல்லி, தன் தொலைபேசி இலக்கத்தையும் தந்தார். விதிப்படி என் குறிப்புத் தாள்களைக் கிழிக்கும் இயந்திரத்தில் போட்டேன். வாசலில் அந்தப் பெண் என் கையைப் பிடிக்காத குறையாக நின்றார். “நல்ல வடிவாச் சொன்னனீங்கள் அண்ணை. உந்தச் சொல்லை அதுகளுக்கு முன்னால பச்சையாச் சொல்லாமல் மரியாதையா மாத்திச் சொன்னது எனக்கு விளங்கினது. பெரிய உபகாரம்.”

நான் காரில் ஏறி, பெல்டைப் போட்டு, சாவியைத் திருப்பாமல் ஆறு நிமிடம் இருந்தேன்.

ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வந்தது. கனடாவுக்கு வந்த புதிதில் ஒரு உணவகத்தின் பின்பக்கம் கோப்பை கழுவினேன். அங்கிருந்த சமையல்காரர் பெண் நாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை எல்லாவற்றுக்கும் சொல்வார். திறக்காத கதவு, அடிப்பிடித்த தாச்சி, பிந்தி வந்த பஸ், எல்லாம் அதுதான். ‘கஷ்டமானது’ என்பதற்கு ஆங்கிலம் அது என்று நான் கற்றுக்கொண்டேன். மாலையில் ஆங்கில வகுப்பு. ஒரு நாள், தந்த வீட்டுவேலை எப்படி என்று ஆசிரியை கேட்டபோது, அந்தச் சொல்லைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. எங்கே கற்றாய் என்று கேட்டார். சொன்னேன். “சமையலறையில் அது தாச்சிக்கு. இந்த அறையில் பதினொரு பெண்கள் இருக்கிறார்கள்” என்றார். அவ்வளவுதான். நான் திரும்பிப் பார்த்தேன். பதினொரு பேரும் தங்கள் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று இரவு நாட்குறிப்பில் எழுதியது: ‘வகுப்பில் தெரியாமல் தூசணம் பேசிவிட்டேன்.’ எந்தச் சொல் என்று எழுதவில்லை.

மூன்றரைக்கு, செவ்வாய்க்கிழமை வழக்கப்படி, ஸ்ரீல்ஸ் வீதியிலுள்ள தமிழ்ச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். பதினைந்து வருடப் பழக்கம். இரண்டு நண்பர்கள் வந்திருந்தார்கள்: ஒருவர் லொறி ஓட்டுபவர், இப்போது பக்கத்து ஊரான அஜக்ஸில் இருக்கிறார், மற்றவர் வீடு விற்பவர். விசாரணை பற்றி நான் வெளியே ஒரு வார்த்தையும் பேச முடியாது.

“என்ன மச்சான், இண்டைக்குச் சுருதி குறைஞ்சிருக்கு? கோட்டிலை உன்னைப் பிடிச்சு உள்ளுக்குப் போடப் பாத்தவங்களோ?” என்றார் வீடு விற்பவர்.

“அவனை உள்ளுக்குப் போட்டால் ஜட்ஜுக்குத்தான் தண்டனை. ஒவ்வொரு நாளும் எத்தினை மணிக்கு என்ன சாப்பாடு எண்டு எழுதிக் குடுப்பான்,” என்றார் லொறிக்காரர். பிறகு தன் கதைக்கு வந்தார். நெடுஞ்சாலையில் ஒருவன் குறுக்கே விட்டான். அவனை அவர் அழைத்த பெயர் நான் காலையில் கேட்ட அதே தமிழ்ச் சொல். நான் எண்ணத் தொடங்கினேன். எண்ணுவது என் குணம். தேநீர் வருமுன் ஒன்பது தரம். அதைத் தவிர, திறக்காத வீட்டுச் சாவி ஒரு வேசையின் மகன். வங்கி முகாமையாளர் ஒரு கைம்பெண்ணின் மகன். வீதி திருத்துபவர்களின் தாய்மாருக்கும் சகோதரிகளுக்கும் வெவ்வேறு காரியங்கள் நடந்தன. அந்த மேசையில் இருந்தவர்கள், ஏசப்பட்டவர்கள், எல்லாரும் ஆண்கள். ஏச்சுக்குள் இருந்தவர்கள் ஒருவர் விடாமல் பெண்கள். ஒருவருடைய தகப்பனையும் யாரும் இழுக்கவில்லை.

பரிமாறும் பெண் தேநீரும் வடையும் கொண்டு வந்தார். லொறிக்காரர் வாக்கியத்தின் நடுவில் இருந்தார். ஒரு கணமும் தடுமாறாமல் முடித்தார்: “...அந்தத் தம்பி குறுக்காலை விட்டிட்டார், தங்கச்சி. நாங்கள் என்ன செய்யிறது?”

“தம்பியோ?” என்றார் அவர், கோப்பைகளை வைத்தபடி. “அங்கை நிண்டு கேக்கேக்கை அவருக்கு வேறை பேர் இருந்தது, அண்ணை.”

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார் போலத்தான் இருந்தது. தட்டத்தை எடுத்துக்கொண்டு போனார்.

“அவ வரேக்கை ஏன் நிப்பாட்டினனி?” என்று கேட்டேன்.

“பொம்பிளைப்பிள்ளையெல்லே. ஒரு மரியாதை வேண்டாமே?”

“நீ ஏசினது குறுக்காலை விட்ட ஆம்பிளையை. அவவுக்கு அதிலை என்ன?”

“உனக்கு இண்டைக்கு என்னடாப்பா நடந்தது? உது சும்மா வாயிலை வாற சொல்லு. அர்த்தம் பாத்தே பேசுறது? அதிலை ஒரு பொம்பிளையும் இல்லை, ஒண்டும் இல்லை. கோவத்திலை வாற சத்தம்.”

இதே வாக்கியத்தை நான் ஐந்து மணித்தியாலத்துக்கு முன் தமிழாக்கிச் சொல்லியிருந்தேன். ஆஸ்திரேலியாவிலிருந்தும் அஜக்ஸிலிருந்தும் அதே பதில். அந்த மனிதரும் பொய் சொல்லவில்லை, என் நண்பரும் பொய் சொல்லவில்லை. அர்த்தத்தை நினைத்து அவர்கள் பேசுவதில்லை என்பது உண்மை. ஆனால் அந்தச் சொல்லுக்குள் பெண் இல்லை என்றால், ஒரு பெண் பக்கத்தில் வந்தவுடன் அதை எங்கே ஒளிக்கிறோம், ஏன் ஒளிக்கிறோம்? நாங்கள் மரியாதை என்று சொல்வது, அர்த்தம் எங்களுக்குத் தெரியும் என்பதற்கான சாட்சி. பெண்கள் கேட்காதபோது சொல்வோம், கேட்கும்போது மறைப்போம். அவர்களோ எப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், கடையின் அந்தப் பக்கத்தில் நின்று.

நான் காலையில் செய்ததும் அந்த மரியாதைதான். அதற்காக எனக்கு நன்றி வேறு கிடைத்தது.

ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தேன். மனைவி வேலை உடுப்பை மாற்றிவிட்டு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் தேங்காய்ப்பூவை எடுத்து வைத்தேன். சுற்றி வளைத்துக் கேட்டேன்.

“உம்மட வேலையிலை உங்களைத் தூசணத்திலை ஏசுறவையோ?”

அவள் சிரித்தாள். “இதென்ன புதுக் கேள்வி? கிழமைக்கு ரெண்டு மூண்டு தரம். மறதி வருத்தக்காரர், பாவங்கள். குளிக்க வார்க்கேக்கைதான் கூடுதலா வரும்.”

“அவையின்ரை குறிப்புச் சாட்டிலை அதை எழுதுவீரோ?”

“எழுதாமல்? சொன்னது சொன்னபடி எழுதோணும். ‘கெட்ட வார்த்தை பேசினார்’ எண்டு எழுதினால் நேர்ஸ் திருப்பி அனுப்புவா. எந்தச் சொல், ஆருக்குச் சொன்னது எண்டு பாத்துத்தான் வருத்தம் கூடிட்டுதோ, ஆளோடை ஒராள் தனியப் போகலாமோ எண்டு முடிவெடுப்பினம்.”

“எல்லாச் சொல்லையுமோ? அந்த...”

“எந்த?”

நான் சொல்லவில்லை. அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு அந்த ஆங்கிலச் சொல்லைச் சொன்னாள். லீக்ஸ் வெட்டும் கத்தி நிற்கவில்லை. “அதையும்தான். நாலு எழுத்து. எழுத எவ்வளவு நேரம் போகும்?”

பிறகு, நான் கேட்காமலே, தன் இல்லத்தில் யார் யார் எப்படி ஏசுவார்கள் என்று சொல்லிக்கொண்டு போனாள். ஜமேக்காவைச் சேர்ந்த ஒரு அம்மா இருக்கிறாராம். கோபம் வந்தால் ஏச்சுக்குள் ஏதோ துணியை இழுப்பாராம். என்ன துணி என்று இரண்டு வருடம் தெரியாமல் இருந்து, பிறகு ஒரு நாள் கேட்டாளாம். மாதவிலக்குத் துணி. “அங்கையும் எங்கடை வருத்தத்தைத்தான் எடுத்து ஏசுறது,” என்றாள். நியூஃபவுண்ட்லாந்துக்காரர் ஒருவர் எல்லாரையும் ‘என் கண்ணே’ என்று அழைப்பாராம், ஏசும்போதும். ஸ்கொட்லாந்துக் கிழவர் ஒருவர், காலையில் நான் கண்ட மேற்பார்வையாளரைப் போலவே, ஆண் பெண் பார்க்காமல் எல்லாரையும் அந்த நாலு எழுத்தால்தான் கூப்பிடுவாராம்.

“அப்ப அவருக்கு அதிலை வேற்றுமை இல்லை,” என்றேன். ஏதோ ஓர் ஆறுதலைத் தேடினேன் போலிருக்கிறது.

அவள் யோசித்தாள். “இருக்கு. ஆம்பிளைப் பிள்ளையள் போனால் சொல்லிப்போட்டுச் சிரிப்பார். எனக்குச் சொல்லேக்கை சிரிக்கமாட்டார்.”

தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தவன் நிறுத்தினேன். “இந்த வேலையிலை பதினாலு வருசம். என்னட்டை ஒரு நாளும் சொல்லேல்லையே.”

“உங்களட்டை உதை என்னெண்டு சொல்லுறது?” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். “சொன்னால் நீங்கள்தான் சாப்பிடாமல் இருப்பியள். பிறகு உங்களையும் நான்தான் தேத்தோணும்.”

ஒரே நாளில் இரண்டாம் முறை. உங்களுக்கு முன்னால எப்பிடிச் சொல்லுறது. உங்களட்டை என்னெண்டு சொல்லுறது. அந்தச் சொற்கள் எதையும் நான் யாருக்கும் சொன்னதில்லை. அதைப் பற்றி எனக்கு ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. ஆனால் நான் சுத்தமாக இருந்ததால் என்னிடம் ஒருவரும் எதையும் சொல்ல முடியவில்லை. என் காதைப் பாதுகாக்கிற வேலையையும் இவர்களே செய்திருக்கிறார்கள்.

சாப்பிட்ட பின் ஏழரைக்கு நாட்குறிப்பை எடுத்தேன். பத்து மணி அமர்வு, பதினொன்றரைக்கு முடிவு, கடை, லீக்ஸ் கறி. பிறகு, ‘சாட்சி தூசணம் ஒன்றைச் சொல்ல நேர்ந்தது’ என்று எழுதினேன். பேனா ‘தூசணம்’ என்ற சொல்லுக்குத் தானாகவே போயிற்று. இருபத்தேழு வருடத்தில் அதை எத்தனை முறை எழுதியிருப்பேன்? பழைய கொப்பிகள் மூன்றை எடுத்துப் பார்த்தேன். பஸ்ஸில் ஒருவன் ஒரு பெண்ணைத் தூசணத்தில் ஏசினான். பக்கத்து வீட்டுக்காரர் மனைவியைத் தூசணம். எந்த நாள், எந்தப் பஸ், எத்தனை மணி, வெளியே எத்தனை பாகை எல்லாம் இருந்தன. அவளுக்கு என்ன சொல்லப்பட்டது என்பது மட்டும் ஒரு பக்கத்திலும் இல்லை. சரியாக எழுதுபவன் என்று நான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன்.

காலையில் அந்தப் பெண் சொன்ன நான்கு வாக்கியங்களையும் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். குறிப்புத் தாள் இயந்திரத்தில் தூளாகிவிட்டது. அறையில் ஒலிப்பதிவு இல்லை. ‘நான் ஒரு ஆள் இல்லை, அது மட்டும்தான் எண்ட மாதிரி’ என்ற வாக்கியம் இப்போது உலகத்தில் இரண்டு தலைகளில்தான் இருந்தது. அவற்றில் ஒன்று, அது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பித் தூங்கப் போகிறது. விசாரணையாளரின் தாளில் இருப்பது ‘ஒரு பொதுவான கெட்ட சொல்’. பொதுவான கெட்ட சொல்லுக்காக ஒருவர் ஓடுகிற பட்டியில் கையுறையை வைத்துவிட்டு நடந்து போவதில்லை. அப்படிப் போனால் அது கோபக்காரத்தனம், வேலையை விட்டது. ஆறு வருட வேலை அந்த வித்தியாசத்தில் இருந்தது. அந்த வித்தியாசத்தை அவர் சொன்னார். நான் விட்டுவிட்டேன்.

திருத்தம் கொடுத்தால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். யோசிக்கவில்லை என்றால் பொய். எந்த உரைபெயர்ப்பாளரும் தன் பிழையைத் தானே அறிவிக்க வேண்டும். அறிவித்தால் என்னை வேலைக்கு அனுப்புகிற உரைபெயர்ப்பு நிலையத்தின் கோப்பில் அது ஏறும். பத்தொன்பது வருடத்தில் என் கோப்பில் ஒரு வரியும் இல்லை. அதைவிடக் கடினமானது வேறு: அந்தப் பெண் எனக்கு நன்றி சொன்ன காரியத்தை நான் திருப்பி எடுக்க வேண்டும். அவர் மறைத்து வைக்கச் சொன்னதாக நினைக்கிற ஒன்றை வெளியே வைக்க வேண்டும். ஆனால் அவர் மறைக்கச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று கேட்டார், பிறகு சொல்லிவிட்டார். கடினமான பாதியை அவர் முடித்திருந்தார். மீதிப் பாதி என் வேலை, அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அந்தச் சொல்லை நான் இங்கே எழுதவில்லை. அது இருக்க வேண்டிய பதிவில் முழுதாக இருக்கிறது. வழக்கு எப்படி முடிந்தது என்று வாசிப்பவர் கேட்கலாம். எங்களுக்கு ஒரு நாளும் அது சொல்லப்படுவதில்லை. கேட்கவும் கூடாது. அந்தப் பெண்ணைப் பிறகு நான் காணவில்லை.

நவம்பர் 13, புதன்கிழமை. ஐந்து முப்பதுக்கு எழுந்தேன். தேநீருக்குத் தண்ணீர் வைக்கவில்லை, முகமும் கழுவவில்லை. சமையலறை மேசையில் இருந்து, நேற்று நான் சொன்னதை ஒரு வரியிலும், அவர் சொன்னதை நான்கு வரியிலும் ஆங்கிலத்தில் எழுதினேன். அந்தச் சொல்லின் நாலு எழுத்தையும் எழுதினேன். மனைவி எழுந்து வந்து, தோளுக்கு மேலால் வாசித்தாள். பிறகு கேத்தலை அடுப்பில் வைத்தாள். நான் அதை மூன்று முறை மெதுவாக வாய்விட்டு வாசித்துப் பழகினேன். மூன்றாம் முறைதான் குரல் இறங்காமல் வந்தது.

எட்டு மணிக்கு விசாரணையாளரின் இலக்கத்தை அழுத்தினேன். என் பெயரைச் சொல்லி, நேற்றைய பதிவில் ஒரு திருத்தம் இருக்கிறது, பிழை என்னுடையது என்றேன். தாள் எடுக்கிற சத்தம் கேட்டது.

“சொல்லுங்கள். அவர் சொன்னபடியே.”

“அவர் என்னை,” என்று தொடங்கினேன்.